கார் சர்வீஸ்: ஷோரூமா, மெக்கானிக்கா, நாமே செய்வதா? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கார் சர்வீஸ் செலவைப் பற்றித் திரும்பத் திரும்ப வரும் சந்தேகங்களைக் கேட்பவர்களின் வார்த்தையிலேயே இங்கே தொகுத்திருக்கிறோம். கணக்குப் போட ஒரே ஒரு காரை எடுத்துக்கொள்கிறோம்: தமிழ்நாட்டில் ஓடும் 1.2 லிட்டர் பெட்ரோல் சின்னக் கார் (ஸ்விஃப்ட் வகை என்று வைத்துக்கொள்ளுங்கள்), வருடத்துக்கு 10,000 கிலோமீட்டர் ஓட்டம், வாரன்டி முடிந்தது.

விலைகள் எல்லாம் சுமாரானவை. ஊருக்கு ஊர், கடைக்குக் கடை மாறும். உங்கள் ஊர் விலையை அந்தந்த இடத்தில் போட்டுக்கொண்டால் கணக்கு உங்களுடையதாகிவிடும்.

நானே சர்வீஸ் பண்ணினா நிஜமாவே காசு மிச்சமாகுமா?

ஆகும். ஆனால் பெரும்பாலானவர்கள் நினைக்கும் இடத்தில் ஆகாது. "நானே சர்வீஸ்" என்றதும் காருக்கு அடியில் படுத்து ஆயில் மாற்றுவதுதான் மனதில் வருகிறது. அந்த வேலையில் மிச்சமாகும் தொகை சின்னது, தப்பு நடந்தால் வரும் செலவு பெரியது. நல்ல மிச்சம் இரண்டு இடங்களில் இருக்கிறது. ஒன்று, கருவியே தேவைப்படாத பத்து நிமிட வேலைகள். இன்னொன்று, பில்லில் ஒவ்வொரு வரியையும் படித்து, தேவையில்லாததை வேண்டாம் என்று சொல்வது.

சர்வீஸ் பில்லைப் பார்த்தா ஒண்ணும் புரியலை. எதுக்கு எவ்வளவு போகுது?

எந்தப் பில்லையும் மூன்றாகப் பிரியுங்கள். முதலாவது பொருள்: ஆயில், ஃபில்டர், வாஷர், பிரேக் பேட் போன்றவை. இரண்டாவது லேபர். மூன்றாவது, காரோடு வந்த கையேட்டின் சர்வீஸ் அட்டவணையில் இல்லாத கூடுதல் வேலைகள்: எஞ்சின் ஃபிளஷ் (உள்ளே கழுவுவது), த்ராட்டில் (எஞ்சினுக்குள் காற்று போகும் வழி) கிளீனிங், ஏசி கிருமிநீக்கம், பாலிஷ், அடிப்பாகக் கோட்டிங். பில் திடீரென்று இரண்டு மடங்கானால் காரணம் பெரும்பாலும் இந்த மூன்றாவது பகுதிதான்.

லேபருக்கு 18 சதவீதம் ஜிஎஸ்டி தனியாகச் சேரும். உதிரிப் பாகங்களுக்கு முன்பு 28 சதவீதம் வரை இருந்தது, 2025 செப்டம்பர் 22 முதல் 18 சதவீதம். பாக்கெட்டில் அச்சிட்ட எம்ஆர்பி வரி சேர்ந்த விலை. ஆகவே அதற்கு மேல் பொருளுக்கு வரி போட்டிருந்தால் கேளுங்கள். லேபர் 1,800 ரூபாய் என்று வாயால் சொன்னால் பில்லில் அது 2,124 ஆக வரும். இதை முன்கூட்டியே கணக்கில் வைத்துக்கொள்ளுங்கள்.

ஆயில் மாத்தறதை மட்டும் நானே செஞ்சா எவ்வளவு மிச்சம்?

நம் காருக்கு ஃபில்டரோடு சேர்த்து சுமார் 3 லிட்டர் ஆயில் வேண்டும். சிந்தெடிக் ஆயில் டின் 1,800 ரூபாய், ஆயில் ஃபில்டர் 120, டிரெயின் போல்ட் (பழைய ஆயிலை வடிக்கக் கழற்றும் போல்ட்) வாஷர் 20. மொத்தம் 1,940. இதே பொருளை வாங்கிக்கொண்டு பக்கத்துத் தெரு மெக்கானிக்கிடம் போனால் கூலி 300 முதல் 500 வரை. நடுவில் 400 என்று வைப்போம். ஆக, நீங்களே செய்தால் வருடத்துக்கு மிச்சம் 400 ரூபாய்.

இந்த வேலைக்கு வேண்டிய கருவிகளை ஒழுங்காக வாங்கினால் 6,600 ரூபாய் வரும் (விவரம் கீழே). 400 ரூபாய் மிச்சத்தில் அதை மீட்க 16 வருடத்துக்கு மேல் ஆகும். ஷோரூம் லேபரான 2,124 ரூபாயோடு ஒப்பிட்டால் நான்காவது வருடத்தில் மீண்டுவிடும். ஆனால் ஷோரூம் லேபரில் பிரேக் சுத்தம் செய்வது, அடிப்பாகம் பார்ப்பது, கம்ப்யூட்டர் ஸ்கேன் எல்லாம் சேர்ந்திருக்கும், ஆயில் மாற்றுவது அதில் ஒரு பங்குதான். வீட்டில் இரண்டு மூன்று கார் இருந்தாலோ வருடத்துக்கு 30,000 கிலோமீட்டர் ஓட்டினாலோ கணக்கு மாறும். கற்றுக்கொள்ளும் ஆசையில் செய்கிறீர்கள் என்றால் தாராளமாகச் செய்யுங்கள், அது நல்ல காரணம்.

அப்போ எந்த வேலையை முதல்ல நான் எடுத்துக்கலாம்?

இந்த வரிசையில் ஆரம்பியுங்கள்: டயர் காற்று, வைப்பர் ரப்பர், கண்ணாடி கழுவும் தண்ணீர், ஏசி ஃபில்டர், ஏர் ஃபில்டர். இவற்றில் எதற்கும் காரைத் தூக்க வேண்டியதில்லை, கவனமாகச் செய்தால் கார் கெடாது.

டயர் காற்றின் அளவு ஓட்டுநர் கதவைத் திறந்தால் உள்ளே தெரியும் ஸ்டிக்கரில் இருக்கும். டயரின் பக்கவாட்டில் அச்சிட்டிருப்பது அந்த டயர் தாங்கும் உச்ச அளவு, அதை வைத்துக் காற்றடிக்கக் கூடாது. காலையில் வண்டி ஓடுவதற்கு முன், டயர் குளிர்ந்திருக்கும்போது பாருங்கள். ஸ்டெப்னியையும் மறக்காதீர்கள். பஞ்சரான இரவில்தான் அதில் காற்றில்லை என்பது தெரியவரும். பெட்ரோல் பங்கில் காற்று இலவசம்.

ஏசி ஃபில்டர்னு ஒண்ணு மாத்தணும்னு சொல்றாங்க. அது எங்க இருக்கு, நாமே மாத்தலாமா?

கேபின் ஃபில்டர் என்பதும் இதுதான். பெரும்பாலான சின்னக் கார்களில் முன்சீட் பயணியின் எதிரே இருக்கும் டேஷ்போர்டு பெட்டிக்குப் பின்னால் இருக்கும். பெட்டியைக் காலி செய்து, இரண்டு பக்கமும் உள்நோக்கி அழுத்தினால் அது கீழே மடங்கும். பின்னால் தெரியும் நீள்சதுர மூடியின் கிளிப்பை அழுத்தி எடுத்தால் ஃபில்டர் வெளியே வரும். புதியதில் காற்று போகும் திசைக்கு அம்புக்குறி இருக்கும். பழையது எந்தத் திசையில் இருந்தது என்று எடுக்கும்போதே போட்டோ எடுத்துவிடுங்கள். திருப்பிப் போட்டால் மடிப்புகள் சீக்கிரம் அடைத்து, காற்று குறையும்.

பொருள் விலை 350 ரூபாய் சுமார், நேரம் பத்து நிமிடம். ஏசி காற்று குறைவாக வருகிறது என்று கேஸ் நிரப்பக் கிளம்புகிற பல கார்களில் இந்த ஃபில்டர்தான் அடைத்துக் கிடக்கும். வேப்பமரத்துக்கோ புளியமரத்துக்கோ கீழே நிறுத்தும் காராக இருந்தால் ஆறு மாதத்துக்கு ஒருமுறை திறந்து பாருங்கள். எலி கடித்த தடமோ புழுக்கையோ இருந்தால் ஃபில்டரை மாற்றுவதோடு நிறுத்தாமல், பானெட்டுக்குள் வயர்களையும் பாருங்கள்.

ஏர் ஃபில்டரை காத்தடிச்சு சுத்தம் பண்ணினா போதாதா? ஏன் மாத்தணும்?

இரண்டு மாற்றங்களுக்கு நடுவில் சுத்தம் செய்யலாம். மாருதி அட்டவணைகளில்கூடச் சுத்தம் செய்யும் கிலோமீட்டர் வேறு, மாற்றும் கிலோமீட்டர் வேறு. பஞ்சர் கடைக் காற்றை முழு வேகத்தில் நேராகப் பிடித்தால் காகிதத்தில் ஊசிமுனை ஓட்டைகள் விழும், அதன் வழியே தூசி எஞ்சினுக்குள் போய் சிலிண்டர் சுவரைத் தேய்க்கும். காற்று அடிப்பதானால் ஒரு சாண் தள்ளி, சுத்தமான பக்கத்திலிருந்து அழுக்குப் பக்கம் நோக்கி, குறைந்த அழுத்தத்தில் அடியுங்கள். தண்ணீரில் கழுவவே கூடாது.

மூடியைத் திரும்பப் போடும்போது எல்லா கிளிப்பும் பூட்டியதா என்று கையால் தடவிப் பாருங்கள். ஒரு பக்கம் தூக்கிக்கொண்டிருந்தால் ஃபில்டர் இருந்தும் இல்லாத மாதிரிதான். மண் சாலை, கட்டட வேலை நடக்கும் பகுதி என்றால் அட்டவணையில் சொன்ன கிலோமீட்டருக்கு முன்பே மாற்றிவிடுவது நல்லது.

ஆயில் எது ஊத்தறது? நம்ம ஊர் வெயிலுக்கு கெட்டியா 20டபிள்யூ-40 போதும்னு மெக்கானிக் சொல்றாரே?

கையேட்டில் என்ன இருக்கிறதோ அதுதான். புதிய சின்ன பெட்ரோல் எஞ்சின்கள் பலவற்றுக்கு 0டபிள்யூ-20 அல்லது 0டபிள்யூ-16 சொல்லியிருப்பார்கள், கொஞ்சம் பழையவற்றுக்கு 5டபிள்யூ-30. முதல் எண் குளிரில் ஓடும் தன்மையைச் சொல்கிறது. இரண்டாவது எண்தான் எஞ்சின் சூடான பிறகு இருக்கும் கெட்டி. எஞ்சின் சூடேறியதும் வெளியில் சென்னை வெயிலாக இருந்தாலும் ஊட்டிக் குளிராக இருந்தாலும், உள்ளே ஆயில் ஏறக்குறைய ஒரே சூட்டில்தான் ஓடும். கூலன்ட்டும் தெர்மோஸ்டாட்டும் அதைப் பார்த்துக்கொள்கின்றன.

மெல்லிய ஆயிலுக்கென்று வடிவமைத்த எஞ்சினில் இடைவெளிகளும் வால்வு டைமிங் மாற்றும் பாகங்களும் அதற்கேற்றபடி இருக்கும். கெட்டி ஆயில் ஊற்றினால் காலையில் ஸ்டார்ட் செய்ததும் மேல் பாகங்களுக்கு ஆயில் போய்ச் சேரத் தாமதமாகும், மைலேஜும் குறையும். 20டபிள்யூ-40 ஒரு காலத்துக் கார்களுக்குச் சரியாக இருந்தது. மெக்கானிக் பழக்கத்தில் சொல்கிறார், கெட்ட எண்ணத்தில் இல்லை. கையேட்டின் அந்தப் பக்கத்தைக் காட்டினால் பெரும்பாலும் ஏற்றுக்கொள்வார்.

2020 ஏப்ரலுக்குப் பிறகு வந்த பிஎஸ்-6 டீசல் கார் வைத்திருப்பவர்கள் இன்னும் கவனமாக இருக்க வேண்டும். புகைக்குழாயில் டிபிஎஃப் என்ற துகள் வடிகட்டி இருந்தால் சாம்பல் குறைவாக விடும் ஆயில்தான் ஊற்ற வேண்டும், கையேட்டில் பெரும்பாலும் சி-2, சி-3 போன்ற குறியீடு இருக்கும். தவறான ஆயிலின் சாம்பல் அந்த வடிகட்டியை அடைக்கும். அதை மாற்றும் செலவு பல வருட சர்வீஸ் செலவுக்குச் சமம்.

டூல்ஸ் என்னென்ன வாங்கணும், எவ்வளவு ஆகும்?

ஆயில் மாற்ற: ஒரு ஜோடி ஜாக்கி ஸ்டாண்டு (தூக்கிய காரைத் தாங்கி நிற்பது) 2,000, டார்க் ரெஞ்ச் (சொன்ன அளவுக்கு மட்டும் முறுக்கும் ஸ்பேனர்) 2,500, சாக்கெட் செட் 1,500, ஆயில் ஃபில்டர் கழற்றும் கப் 300, ஆயில் பிடிக்கும் தட்டு 300. கூட்டினால் 6,600. இது உங்களிடம் காரோடு வந்த ஜாக்கி இருக்கிறது என்று வைத்துப் போட்ட கணக்கு. அடிக்கடி செய்பவர்கள் ஹைட்ராலிக் ஜாக்கியும் வாங்கிவிடுவார்கள்.

ஆயில் வேலையைத் தொடாதவர்களுக்கு இதெல்லாம் வேண்டாம். காற்று அளவு பார்க்கும் கேஜ், 400 ரூபாய் டிஜிட்டல் மல்டிமீட்டர், செல்போனோடு இணையும் 700 ரூபாய் ஓபிடி ஸ்கேனர், இந்த மூன்றும் போதும். செக் எஞ்சின் விளக்கு எரிந்தால் ஸ்கேனர் குறியீட்டைப் படித்துச் சொல்லும். அந்தக் குறியீட்டைக் குறித்துக்கொண்டு பட்டறைக்குப் போனால் "எல்லாத்தையும் மாத்திப் பாக்கலாம்" என்ற பேச்சு குறையும். ஆனால் குறியீடு கோளாறு இருக்கும் பகுதியைத்தான் காட்டும், எந்தப் பொருளை மாற்றுவது என்று சொல்லாது.

ஆயில் மாத்தறதை ஒருமுறை படிப்படியா சொல்லுங்களேன்.

சிமென்ட் தரை வேண்டும். மண்ணிலும் தார் ரோட்டின் ஓரத்திலும் ஸ்டாண்டு புதையும். எஞ்சினை ஐந்து நிமிடம் ஓடவிட்டு நிறுத்துங்கள்: வெதுவெதுப்பான ஆயில் முழுவதும் வடியும், கையைச் சுடாது. கியரில் போட்டு, ஹேண்ட்பிரேக் இழுத்து, பின் சக்கரத்துக்கு முட்டுக்கல் வையுங்கள். முன்பக்கத்தைத் தூக்கி, கையேட்டில் காட்டிய இடங்களில் ஸ்டாண்டை வைத்து இறக்கி, காரைப் பக்கவாட்டில் தள்ளி ஆட்டிப் பாருங்கள். ஆடினால் மறுபடி வையுங்கள். ஜாக்கியில் மட்டும் நிற்கும் காருக்கு அடியில் தலையோ கையோ போகவே கூடாது. காரோடு வரும் ஜாக்கி சக்கரம் மாற்றுவதற்காக மட்டுமே கொடுக்கப்பட்டது. அது சரிந்து உயிர் போயிருக்கிறது.

டிரெயின் போல்டைக் கழற்றி வடியவிடுங்கள். புது வாஷர் போட்டு, முதல் நாலைந்து சுற்றை விரலாலேயே ஏற்றுங்கள். ஸ்பேனரால் ஆரம்பித்தால் கோணலாக ஏறி அலுமினிய சம்ப்பின் (எஞ்சினுக்கு அடியில் ஆயில் நிற்கும் தொட்டி) மரை போய்விடும். இந்த வேலையில் அதிகம் நடக்கும் சேதம் இதுதான், சம்ப் மாற்றினால் பல ஆயிரம். கடைசியில் டார்க் ரெஞ்சால் முறுக்குங்கள். இந்த வகை எஞ்சின்களில் சுமார் 35 நியூட்டன் மீட்டர், உங்கள் காரின் எண்ணைக் கையேட்டிலோ சர்வீஸ் மேனுவலிலோ உறுதி செய்யுங்கள். ஃபில்டரைக் கழற்றியதும் அதன் ரப்பர் வளையமும் கூடவே வந்ததா என்று பாருங்கள். பழைய வளையம் எஞ்சினில் ஒட்டிக்கொண்டிருக்க, அதன் மேல் புது ஃபில்டர் ஏறினால் ஸ்டார்ட் செய்ததும் ஆயில் பீய்ச்சி அடிக்கும். புது வளையத்தில் ஆயில் தடவி, வளையம் தொட்டதிலிருந்து முக்கால் சுற்று கையால் முறுக்கினால் போதும்.

காரை இறக்கி, சொன்ன அளவை விடக் கால் லிட்டர் குறைவாக ஊற்றுங்கள். ஒரு நிமிடம் ஓடவிட்டு, நிறுத்தி, ஐந்து நிமிடம் கழித்து ஆயில் அளவு பார்க்கும் குச்சியில் பார்த்து மீதியைச் சேருங்கள். மேல் கோட்டைத் தாண்டக் கூடாது. தாண்டினால் எஞ்சினுக்குள் சுழலும் கிராங்க், ஆயிலை அடித்து நுரையாக்கும், நுரைத்த ஆயில் உராய்வைத் தடுக்காது. பிறகு கீழே ஒரு அட்டையை விரித்து ஒரு இரவு விடுங்கள். காலையில் அட்டையில் சொட்டு இல்லையென்றால் வேலை முடிந்தது.

வடிச்ச பழைய ஆயிலை என்ன பண்றது?

சாக்கடையிலோ மண்ணிலோ ஊற்றாதீர்கள். அதில் எஞ்சினிலிருந்து தேய்ந்த உலோகமும் எரிந்த கழிவும் கலந்திருக்கும். கிணற்றுத் தண்ணீரும் போர் தண்ணீரும் குடிக்கும் ஊரில் அது நம் வாய்க்கே திரும்பி வரும். இந்தியச் சட்டப்படியும் அது அபாயகரமான கழிவு. கரையான் வராமல் இருக்க மரத்தில் பூசுகிற வழக்கம் இருக்கிறது, தோலில் படும் பொருளாகவும் வீட்டுக்குள் இருக்கும் பொருளாகவும் அது நல்லதில்லை.

புது ஆயில் வந்த டின்னிலேயே ஊற்றி இறுக மூடி, பழைய ஆயில் சேர்த்துக் கொடுக்கும் பட்டறையில் கொடுத்துவிடுங்கள். வாங்குவார்களா என்று வேலையை ஆரம்பிக்கும் முன் கேட்டுவையுங்கள். கூலன்ட், பிரேக் ஆயில் எதையும் அதில் கலக்காதீர்கள். கலந்தால் மறுசுத்திகரிப்புக்கு ஆகாது.

வாரன்டி இருக்கும்போது நானே பண்ணினா வாரன்டி போயிடுமா?

வாரன்டி புத்தகத்தில், அட்டவணைச் சர்வீஸ்கள் அங்கீகரிக்கப்பட்ட பட்டறையில் நடந்திருக்க வேண்டும் என்ற நிபந்தனை பொதுவாக இருக்கும். ஆகவே வாரன்டி முடியும் வரை அந்தச் சர்வீஸ்களை ஷோரூமிலேயே செய்யுங்கள். 400 ரூபாய் மிச்சத்துக்காக எஞ்சின் வாரன்டியைப் பணயம் வைக்க வேண்டாம். மாருதியில் முதல் மூன்று சர்வீஸ் (1,000, 5,000, 10,000 கிலோமீட்டர்) லேபர் இலவசம். இலவசம் என்பது லேபர் மட்டும்தான், ஆயிலுக்கும் ஃபில்டருக்கும் காசு உண்டு.

வைப்பர், ஏசி ஃபில்டர், டயர் காற்று, கண்ணாடித் தண்ணீர் இவற்றை வாரன்டி காலத்திலும் நீங்களே பார்த்துக்கொள்ளலாம். வயரை வெட்டி ஹாரனோ விளக்கோ ஆடியோவோ சேர்ப்பதுதான் மின்சாரப் பாகங்களின் வாரன்டிக்கு அதிகம் உலை வைக்கிறது.

பார்ட்ஸ் எங்க வாங்கறது? டூப்ளிகேட்னு எப்படிக் கண்டுபிடிக்கறது?

கார் கம்பெனியின் அங்கீகரிக்கப்பட்ட உதிரிப் பாகக் கடை முதல் வழி. ஆர்சி புத்தகத்தில் இருக்கும் சேஸிஸ் எண்ணைச் சொன்னால் சரியான பாகத்தை எடுத்துத் தருவார்கள். "ஸ்விஃப்ட் ஃபில்டர்" என்று மட்டும் கேட்டால் வேறு வருட மாடலுக்கானது வரலாம். சென்னையில் ஜெனரல் பாட்டர்ஸ் சாலையில் புதுப் பாகக் கடைகள் வரிசையாக இருக்கின்றன. புதுப்பேட்டை பழைய பாகங்களுக்குப் பேர்போனது: கதவு, பம்பர், கண்ணாடிக்கு அங்கே போகலாம், பிரேக், ஸ்டியரிங் பாகங்களை அங்கே வாங்க வேண்டாம்.

கார் கம்பெனிகளுக்கே பாகம் செய்துகொடுக்கும் பாஷ், டென்சோ, என்ஜிகே போன்றவர்களின் சொந்தப் பெட்டியில் வாங்குவதும் நல்ல வழி, சில சமயம் விலையும் குறையும். எதை வாங்கினாலும் பில்லோடு வாங்குங்கள். அச்சு மங்கிய பெட்டி, எம்ஆர்பி ஸ்டிக்கர் மேல் இன்னொரு ஸ்டிக்கர், மூடியின் சீல் தளர்ந்த ஆயில் டின், இவை இருந்தால் திருப்பிக் கொடுத்துவிடுங்கள். ஆயில் டின் காலியானதும் மூடியில் ஒரு ஓட்டை போட்டுவிட்டுப் பழைய பேப்பர் கடைக்குப் போடுங்கள். நல்ல டின்தான் கள்ள ஆயிலுக்குப் பாத்திரம்.

பார்ட்ஸை நானே வாங்கிட்டுப் போனா மெக்கானிக் முகம் சுளிப்பாரே?

சுளிப்பார், அதில் நியாயமும் இருக்கிறது. பாகத்தில் கிடைக்கும் சிறு லாபத்தையும் சேர்த்துத்தான் அவர் கூலியைக் குறைவாகச் சொல்கிறார். "அண்ணே, ஆயிலும் ஃபில்டரும் நான் வாங்கிட்டு வரேன், கூலி எவ்வளவு வேணுமோ சேர்த்துச் சொல்லுங்க" என்று முதலிலேயே பேசிவிடுங்கள். நூறு ரூபாய் கூடக் கேட்டால் கொடுங்கள். பாகம் கெட்டால் பொறுப்பு உங்களுடையது, வேலை கெட்டால் அவருடையது என்பதையும் பேசிவையுங்கள். கழற்றிய பழைய பாகத்தைக் கேட்டு வாங்கிப் பாருங்கள். மேலே சொன்ன ஆயில் வேலையில், ஃபில்டரும் வாஷரும் புதிதாகப் போனதா, குச்சியில் அளவு சரியா என்பதைக் கூடவே நின்று பார்த்தால் போதும். ஒரே மெக்கானிக்கிடம் தொடர்ந்து போவதன் மதிப்பு எந்தத் தள்ளுபடியையும் விடப் பெரியது.

எஞ்சின் ஃபிளஷ், இன்ஜெக்டர் கிளீனிங், கோட்டிங்னு லிஸ்ட் நீட்டறாங்க. எல்லாம் தேவையா?

கேட்க வேண்டிய கேள்வி ஒன்றுதான்: "இது கையேட்டு அட்டவணையில எந்தப் பக்கத்துல இருக்கு?" நேரத்துக்கு ஆயில் மாற்றிய எஞ்சினுக்கு ஃபிளஷ் தேவையில்லை. இன்ஜெக்டரும் த்ராட்டிலும் சுத்தம் செய்வது, ஐடிலில் (வண்டி நின்றபடி எஞ்சின் ஓடும்போது) ஏற்ற இறக்கம், பிக்கப் குறைவு, மைலேஜ் சரிவு என்று ஏதாவது அறிகுறி இருந்தால் செய்யலாம். ஏசி கிருமிநீக்கம் நாற்றம் அடித்தால் மட்டும், அதற்கு முன்னால் ஏசி ஃபில்டரை மாற்றிப் பாருங்கள். அடிப்பாகக் கோட்டிங் கடற்கரையோர ஊர்களில் உதவும், அதையும் ஒவ்வொரு வருடமும் போட வேண்டியதில்லை.

ஜாப் கார்டில் (என்னென்ன வேலை என்று பட்டறை எழுதும் தாள்) கையெழுத்துப் போடும் முன் "கூடுதல் வேலை எதுவானாலும் போனில் கேட்டுவிட்டுத்தான் செய்ய வேண்டும்" என்று அதிலேயே எழுதச் சொல்லுங்கள்.

ஸ்பார்க் பிளக் நானே மாத்தலாமா?

மூன்று சிலிண்டர், நான்கு சிலிண்டர் சின்ன எஞ்சின்களில் பிளக் மேலேயே இருந்தால் செய்யலாம். எஞ்சின் முழுக்கக் குளிர்ந்திருக்க வேண்டும். சூட்டில் கழற்றினால் அலுமினிய ஹெட்டின் மரையும் சேர்ந்து வரும். பிளக்கின் மேல் இருக்கும் காயிலை எடுத்ததும் குழிக்குள் தூசியை ஊதி எடுத்துவிட்டுத்தான் பிளக்கைக் கழற்ற வேண்டும், இல்லையென்றால் மண் சிலிண்டருக்குள் விழும். புதுப் பிளக்கை ஒரு ரப்பர் குழாயில் செருகி விரலால் ஏற்றுங்கள், கோணலாக ஏறினால் குழாயே வழுக்கிக் காட்டிக்கொடுத்துவிடும். இரிடியம் பிளக்கின் இடைவெளியைத் தட்டி மாற்றாதீர்கள், நுனி உடையும்.

பேட்டரி வீக்னு சொல்றாங்க. உண்மையான்னு எப்படித் தெரியும்?

மேலே சொன்ன மல்டிமீட்டரை எடுங்கள். இரவு முழுக்க நின்ற காரில் 12.6 வோல்ட் இருந்தால் முழு சார்ஜ், 12.2-க்குக் கீழே என்றால் பாதிதான் இருக்கிறது. ஸ்டார்ட் செய்யும் நொடியில் 10 வோல்ட்டுக்கும் கீழே விழுந்தால் பேட்டரி தளர்ந்துவிட்டது. எஞ்சின் ஓடும்போது பொதுவாக 13.8 முதல் 14.4 வரை இருக்க வேண்டும். அது இல்லையென்றால் குறை பெரும்பாலும் ஆல்டர்னேட்டரில், புதுப் பேட்டரி வாங்கினாலும் நாலு நாளில் இறங்கிவிடும். சில புதிய கார்களில் கம்ப்யூட்டரே சார்ஜைக் குறைத்துக் கூட்டும், அவற்றில் எண் கொஞ்சம் மாறலாம்.

மாற்றுவதை நீங்களே செய்து மிச்சம் பார்க்க ஒன்றுமில்லை. கடைக்காரர்கள் வீட்டுக்கே வந்து இலவசமாகப் பொருத்திவிட்டு, பழைய பேட்டரிக்கு விலையும் கழித்துக்கொள்வார்கள். தயாரிப்பு மாதம் மட்டும் பாருங்கள், ஆறு மாதம் கடையில் கிடந்ததை வாங்காதீர்கள்.

பிரேக் பேடும் நானே மாத்தலாமா? வீடியோல சுலபமா இருக்கே?

வேலை சுலபம்தான், தப்பின் விலை வேறு. பேட் கனம் 3 மில்லிமீட்டருக்குப் பக்கத்தில் வந்துவிட்டதா என்று சக்கர இடுக்கில் டார்ச் அடித்துப் பார்ப்பதை நீங்களே செய்யுங்கள். மாற்றுவதை, தெரிந்தவர் ஒருவர் பக்கத்தில் நிற்காமல் முதல்முறை செய்ய வேண்டாம். காலிப்பரை (பேடை அழுத்திப் பிடிக்கும் பாகம்) பிரேக் குழாயிலேயே தொங்கவிடுவது, பேடில் கிரீஸ் படுவது, காலிப்பர் பிஸ்டனைத் தள்ளிவிட்டு பெடலை மிதித்து ஏற்றாமலே வண்டியை எடுப்பது, இவை புதியவர்கள் செய்யும் தப்புகள். மூன்றாவதில் முதல் மிதியில் பிரேக்கே இருக்காது.

பிரேக் ஆயில் காற்றிலிருந்து ஈரத்தை உறிஞ்சும். மலை இறக்கத்தில் சூடேறினால் அந்த ஈரம் ஆவியாகி, பெடல் பஞ்சு மாதிரி அமுங்கும். கொல்லிமலை, கொடைக்கானல் என்று அடிக்கடி ஏறி இறங்குபவர்கள் இரண்டு வருடத்துக்கு ஒருமுறை மாற்றிவிடுங்கள். இது பட்டறை வேலை.

கூலன்ட் குறைஞ்சா தண்ணி ஊத்தலாமா? ஏசி கேஸ் நாமே ஏத்தலாமா?

நடுவழியில் வேறு வழியில்லை என்றால் குடிதண்ணீர் பாட்டிலை ஊற்றி வீடு சேரலாம். போர் தண்ணீர் வேண்டாம், அதன் உப்பு ரேடியேட்டருக்குள் படியும். கண்ணாடி கழுவும் தொட்டிக்கும் இதே பேச்சுதான். சூடான எஞ்சினில் ரேடியேட்டர் மூடியைத் திறக்காதீர்கள், கொதிநீர் முகத்தில் அடிக்கும். கூலன்ட் தொட்டியில் அளவு மாதாமாதம் இறங்கினால் கசிவைத் தேடுங்கள். ஊற்றிக்கொண்டே இருப்பது தீர்வாகாது.

ஏசி கேஸை வீட்டில் ஏற்ற வேண்டாம். அதற்கு வேக்கம் பம்பும், எடைபோட்டு ஏற்றும் கருவியும் வேண்டும். கேஸ் தானாகத் தீராது. குறைந்திருந்தால் கசிவு இருக்கிறது. கசிவைப் பார்க்காமல் கேஸ் மட்டும் ஏற்றுகிற கடையில் கொடுக்கும் காசு அடுத்த கோடைக்குள் காற்றில் போய்விடும்.

ஒரு வருஷத்துக்கு மொத்தமா கணக்குப் போட்டுக் காட்டுங்க.

ஷோரூம்: ஆயில், ஃபில்டர், வாஷர் 2,000, ஏசி ஃபில்டர் 450, லேபர் வரியோடு 2,124, சக்கரங்களுக்கு அலைன்மென்ட் பேலன்ஸிங் 900. மொத்தம் 5,474. கூடுதல் வேலைகளுக்குத் தலையாட்டினால் ஏழாயிரத்தைத் தாண்டும். மெக்கானிக்கும் நீங்களும் பகிர்ந்துகொண்டால்: பொருள் 1,940, ஏசி ஃபில்டர் நீங்களே 350, ஆயில் மாற்றவும் பிரேக், அடிப்பாகம் பார்க்கவும் கூலி 800, வெளியே அலைன்மென்ட் 700. மொத்தம் 3,790. எல்லாம் நீங்களே என்றால் 2,990, அலைன்மென்ட்டுக்கு அப்போதும் வெளியேதான் போக வேண்டும்.

ஷோரூமிலிருந்து பகிர்வுக்கு வந்தால் 1,684 ரூபாய் குறைகிறது. பகிர்விலிருந்து முழுக்க நீங்களே என்று போனால் இன்னும் 800 மட்டும், அதற்கு 6,600 ரூபாய் கருவி. பிரேக்கையும் அடிப்பாகத்தையும் பழகிய கண் ஒன்று வருடத்துக்கு ஒருமுறை பார்ப்பதும் அந்த 800-க்குள் அடங்கியிருக்கிறது. எங்கள் கணிப்பில் வாரன்டி முடிந்த காருக்கு நடுவழிதான் சரி.

விக்கும்போது சர்வீஸ் ஹிஸ்டரி இல்லைன்னு விலையைக் குறைப்பாங்களே? அப்போ மிச்சம் பிடிச்சதெல்லாம் போயிடாதா?

ஷோரூம் பதிவு இல்லாத காருக்குப் பேரம் பேசும்போது வாங்குபவர் அதைச் சொல்லத்தான் செய்வார். காகிதமே இல்லாமல் "நல்லா மெயின்டெயின் பண்ணேன்" என்று சொன்னால் அவர் நம்பக் காரணமில்லை. ஒரு நோட்டில் தேதி, கிலோமீட்டர், என்ன செய்தது, என்ன ஆயில், யார் செய்தது என்று எழுதுங்கள். பாகக் கடைப் பில்லில் கார் எண்ணை எழுதச் சொல்லி வாங்குங்கள். வேலை நடந்த அன்று மீட்டரையும் புதுப் பாகத்தையும் ஒரே போட்டோவில் எடுத்துவையுங்கள்.

இரண்டு மூன்று வருடத்தில் காரை விற்பதாக எண்ணம் இருந்தால் ஷோரூம் சர்வீஸையே தொடருங்கள். வருடத்துக்கு 1,684 ரூபாய் மிச்சம் விலைப் பேரத்தில் ஒரே நிமிடத்தில் போய்விடலாம். ஏழெட்டு வருடம் வைத்து ஓட்டப்போகும் காருக்கு அந்தக் கவலை வேண்டாம். அந்த வயதுக் காரை வாங்குபவர் பதிவைப் பார்க்கும் முன் தன் மெக்கானிக்கை அழைத்து வந்து எஞ்சின் சத்தத்தைக் கேட்பார், ஆயில் குச்சியை இழுத்துப் பார்ப்பார்.